சிற்றூர்களில் கலை தேடிப் போகிறவர்களுக்கு: சாவி யாரிடம் இருக்கிறது?

நெடுவழி

பெருநகர அருங்காட்சியகங்களைப் பற்றி இங்கே ஏற்கெனவே பலமுறை பேசியிருக்கிறோம். வரைபடத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத சிற்றூர்களிலும் வயல்வெளிகளிலும் இருக்கும் கலைத்தலங்களுக்கென்று தனியாக ஓர் இழை வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அதனால் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையடிவாரக் கிராமத்தில், உட்சுவர் முழுவதும் ஓவியம் தீட்டப்பட்ட பழைய வழிபாட்டுக்கூடம் ஒன்றைப் பார்க்கப் போனேன். கதவு பூட்டியிருந்தது, திறக்கும் நேரம் எழுதிய பலகை எதுவும் கண்ணில் படவில்லை. அரைமணி நேரம் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபின், எதிர்வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. உள்ளே போனதும் எல்லாச் சாளரங்களையும் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இடப்பக்கச் சாளரம் ஒன்றை மட்டும், அதையும் பாதியளவே திறந்துவைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். கண் இருளுக்குப் பழகப் பழக, முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு அந்தக் கையில் அமர்ந்திருந்த பறவை. பிறகு பறவைக்கு மேலே குனிந்திருந்த ஒரு முகம். வெயில் நேரே பட்டால் வண்ணம் வெளுத்துவிடும் என்பதால்தான் அவர் அப்படிச் செய்தார் என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நான் முதலில் விசாரிப்பது, வரைந்தவர் யார், எந்த நூற்றாண்டு என்பதையல்ல. இதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான். பெருநகரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நிர்வாகத்தின் பெயர் பதிலாகக் கிடைக்கும். சிற்றூரில் ஒரு மனிதரோ, ஒரு தெருவோ, சில சமயம் ஊர் முழுவதுமோ பதிலாக நிற்கும். நீங்கள் பார்த்த, படித்த இடங்களை இந்தக் கேள்வியோடு சேர்த்து எழுதினால் பயனாக இருக்கும்.

சாளரம்

நல்ல கேள்வி. எனக்கு உடனே நினைவுக்கு வருவது போலந்தின் தென்பகுதியில் உள்ள சலிப்பியே என்ற கிராமம். புகைபோக்கி சரியாக இல்லாத காலத்தில், அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவர்ப்பகுதிகளை மறைப்பதற்காக அங்கிருந்த பெண்கள் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் பூக்களை வரையத் தொடங்கினார்கள். புகைபோக்கி வந்து கறை போன பின்னரும் பூக்கள் போகவில்லை; உட்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கும், கிணற்றுக்கும், நாய்க்கூண்டுக்கும்கூடப் பரவின. 1948-இல் தொடங்கிய வீட்டு அலங்காரப் போட்டி இன்றும் நடப்பதால், வெளுத்துப்போன பூக்களின் மேல் புதிய பூக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபெலிட்சியா சுரிவோவா என்ற பெண்மணி 1974-இல் இறக்கும்வரை இந்தக் கலைக்கு முன்னின்றவர். அவர் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் தியெபெலே இதற்கு அக்கா முறை. கசேனா மக்களின் மண்வீடுகளை எழுப்புவது ஆண்கள். சுவரைப் பூசி ஓவியம் தீட்டுவது பெண்கள். கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம் ஆகியவற்றில் முக்கோணங்களும் கட்டங்களும் வரைந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, 'நேரே' என்ற மரத்தின் காய்த்தோலைக் காய்ச்சி எடுத்த சாற்றைப் பூசிக் காப்பார்கள். மண்சுவர் ஆனதால் மழை கரைத்ததை மறுபடி தீட்டியாக வேண்டும். அங்குள்ள அரச வளாகம் 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே "அசல் ஓவியம் எது?" என்று கேட்டால் கேள்வியே பொருந்தாது. அசல் என்பது சுவரில் இல்லை, தீட்டத் தெரிந்த கைகளில் இருக்கிறது.

மண்சுவர்

சாளரம் அவர்கள் காட்டிய இரண்டு ஊர்களும் அருமையானவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஊர்களைப் பார்த்துவிட்டு, "நம் ஊரையும் வண்ணக் கிராமம் ஆக்குவோம்" என்று புறப்படுகிறவர்களைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஒரே வாரத்தில் வெளியூர் ஓவியர்கள் வந்து, எல்லாச் சுவரிலும் ஒரு மீன், ஒரு பட்டாம்பூச்சி, நடுவில் நின்று படமெடுத்துக்கொள்ள வசதியாக ஒரு சோடிச் சிறகு என்று வரைந்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாம் ஆண்டு பூச்சு உரியும்போது தொட்டுத் திருத்த யாரும் இருப்பதில்லை. அப்படி உரிந்த சிறகுகளை நான் எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டேன்.

சுவரோவியம் எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. சார்டீனியா தீவின் ஒர்கோசோலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல், அந்த ஊரின் மேய்ச்சல் நிலத்தை இராணுவப் பயிற்சிக்கு எடுக்க முனைந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. முதல் சுவரோவியம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 1975-இல் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களோடு சேர்ந்து தெருத்தெருவாக வரையத் தொடங்கினார். இன்று அங்கே சுமார் 150 ஓவியங்கள் இருக்கின்றன. போர், நிலம், வேலை, அநீதி என்று அவை பேசும் விஷயங்களில் பல, சுற்றுலாப் பயணியின் முகம் பார்த்துப் பேசுபவை அல்ல. ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நாம் ஓரமாக நின்று கேட்கிறோம். எனக்கு அந்த நிலைதான் பிடிக்கிறது.

கோட்டோவியன்

ஊரே எதிர்த்த ஒரு கலைத்தலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? எதிர்த்தார்கள் என்பதைவிடச் சிரித்தார்கள் என்பது சரி.

பிரான்சின் தென்கிழக்கில் ஓதெரீவ் என்ற கிராமத்தில் ஃபெர்தினான் ஷெவால் என்ற தபால்காரர் இருந்தார். நாள்தோறும் சுமார் 30 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுப்பவர். 1879-இல், தமது 43-ஆம் வயதில், வழியில் ஒரு கல் தடுக்கிற்று. அதன் விசித்திர வடிவத்தைப் பார்த்து அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் இன்னும் சில கற்களைக் கண்டார். பைக்குப் பிறகு கூடை, கூடைக்குப் பிறகு ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி என்று 33 ஆண்டுகள் கல் சுமந்து, வேலை முடிந்த இரவுகளில் விளக்கொளியில் தனியாளாகக் கட்டி, 1912-இல் ஒரு "கனவு அரண்மனை"யை முடித்தார். கட்டடக் கலை படித்தவரல்லர். அருவி, குகை, மூன்று நெடும் பூதங்கள், விலங்குகள், பல நாட்டுக் கோயில்களின் சாயல் எல்லாம் ஒரே சுவரில் நெருக்கியடித்து நிற்கின்றன. அதற்குள்ளேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்று விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. உடனே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கான சமாதியைக் கட்டத் தொடங்கி, அதற்கு இன்னும் எட்டாண்டுகள் செலவிட்டு, 1924-இல் இறந்து அதில் அடங்கினார். 1969-இல் அந்த அரண்மனை அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆயிற்று. பித்தன் என்று சிரித்த ஊருக்கு இன்று அந்தப் பித்தால்தான் பெயர்.

அங்கே போகிறவர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல் கல்லறைத் தோட்டத்துக்கும் நடந்து போக வேண்டும் என்பது என் யோசனை. அரண்மனையில் தயங்கித் தயங்கிக் கற்றுக்கொண்ட கை, சமாதியில் தயக்கமில்லாமல் ஓடுவதை அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

தீவுவாசி

இதுவரை ஊரில் பிறந்த கலையைப் பேசினீர்கள். ஊருக்கு வெளியிலிருந்து வந்த கலையையும் ஊர் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு ஜப்பானின் நவோஷிமா தீவைச் சொல்வேன். சுமார் 3,000 பேர் வாழும் இடம். வடமுனையில் 1917 முதல் செப்பு உருக்காலை இயங்குகிறது. தென்பகுதியில் 1992-இல் கட்டடக் கலைஞர் ததாவோ ஆந்தோ வடிவமைத்த பெனஸ்ஸே இல்லம் என்ற அருங்காட்சியக விடுதி வந்தது. 2004-இல் அவரே வடிவமைத்த சிச்சூ அருங்காட்சியகம் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லி ஓவியங்களை அங்கே இயற்கை ஒளியில் மட்டுமே காட்டுகிறார்கள். மேகம் மறைத்தால் ஓவியமும் மங்கும்.

ஆனால் என் மனத்தில் நிற்பது அந்தப் பெரிய கட்டடங்கள் அல்ல. 1998-இல், ஹொன்முரா என்ற பழைய குடியிருப்பில் ஆளில்லாத வீடுகளைச் செப்பனிட்டுக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். முதல் வீட்டின் தரை இருக்க வேண்டிய இடத்தில் கலைஞர் தட்சுவோ மியாஜிமா ஒரு நீர்த்தொட்டி அமைத்து, அதற்குள் 125 எல்இடி எண்காட்டிகளைப் பதித்தார். ஒவ்வொன்றும் 1 முதல் 9 வரை தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தை முடிவு செய்தவர்கள் 5 வயது முதல் 95 வயது வரையிலான தீவு மக்கள் 125 பேர். வயதான ஒருவர் தமக்கான எண்ணை மெல்ல ஓட விட்டிருப்பார், ஒரு சிறுவன் பறக்க விட்டிருப்பான். எது யாருடையது என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நெடுவழி அவர்கள் கேட்ட "சாவி யாரிடம்?" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

சற்றுத் தள்ளி, ஒளியையே கலையாக்கும் ஜேம்ஸ் டரெலின் படைப்புக்காக ஆந்தோ கட்டிய மரக்கட்டடம் ஒன்று இருக்கிறது. சுவரைத் தடவிக்கொண்டே கும்மிருட்டுக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து சில நிமிடங்களுக்கு எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவது கேட்கும், அவ்வளவுதான். பிறகு எதிரே மங்கலான நீள்சதுரம் ஒன்று தோன்றும். அது அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்தது. புதிதாக யாரும் விளக்கைப் போடவில்லை, நம் கண்தான் திறந்துகொண்டது. நெடுவழி அவர்களின் பாதிச் சாளரத்தைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

மண்சுவர்

தீவுவாசி அவர்களின் வருணனை அழகு. ஆயினும் நவோஷிமாவுக்குப் பின்னால் ஒரு பெருநிறுவனத்தின் பணம் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஆளில்லாத வீடு இருக்கும் ஊரெல்லாம் நவோஷிமா ஆகலாம் என்று படிப்பவர்கள் எண்ணிவிடுவார்கள்.

அமெரிக்காவின் மார்ஃபாவைப் பாருங்கள். டெக்சஸின் மேற்கு மூலையில், பெரிய விமான நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஊர். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. சிற்பி டானல்ட் ஜட் 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கை விட்டு அங்கே போனார். கைவிடப்பட்ட இராணுவ முகாமின் இரண்டு பீரங்கிக் கொட்டகைகளில் 100 அலுமினியப் பெட்டிகளை வைத்தார். வெளியளவு நூற்றுக்கும் ஒன்றே. உள்ளமைப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. கொட்டகையின் பழைய கதவுகளை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடிச் சாளரங்களைப் போட்டதால், பாலைவன வெயில் நகர நகரப் பெட்டிகளின் உருவமே மாறுகிறது. படைப்பு உயர்ந்தது என்பதில் ஐயமே இல்லை. அதை வைத்துக்கொள்ளும் சினாட்டி அறக்கட்டளை 1986-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஜட் 1994-இல் இறந்தார். அதன்பின் ஊரின் புகழ் ஏற ஏற வீட்டு விலையும் ஏறி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீடு வாங்கவும் வரி கட்டவும் திணறும் நிலை வந்தது. சாவி கைமாறிவிட்டது என்று நான் சொல்வேன்.

சாளரம்

மண்சுவர் அவர்கள் பணத்தைச் சொன்னார், சரிதான். பணத்தால் மட்டும் ஆகாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் எச்சிகோ-சுமாரி என்ற மலைப்பகுதி சுமார் 760 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட கிராமங்கள். 2000-ஆம் ஆண்டு ஃபுராம் கிதகாவாவின் வழிநடத்தலில் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழா தொடங்கியது. அந்த முதல் விழாவில் இலியா, எமிலியா கபகோவ் இணையர், ஆற்றின் ஒரு கரையிலுள்ள அடுக்கு வயல்களில் உழுபவர், நடுபவர், அறுப்பவர் ஆகியோரின் உருவங்களை நீலத்திலும் மஞ்சளிலும் வெட்டி நிறுத்தினார்கள். எதிர்க்கரை மேடையில் நின்று பார்த்தால், கம்பிகளில் தொங்கும் எழுத்துகள் அந்த உருவங்களின்மேல் படிந்து, வேளாண் வேலைகளைச் சொல்லும் ஒரு கவிதையாகச் சேரும். அந்த வயல்காரர் முதுமையினால் பயிரிடுவதையே விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தவர். தம் நிலம் படைப்பின் பாதியாகிவிட்டதைக் கண்டு, மேலும் சில ஆண்டுகள் பயிரிட்டார். அவரால் முடியாமல் போனபின் விழாவோடு தொடர்புடையவர்கள் வயலை ஏற்றுக்கொண்டார்கள். வயல் தரிசானால் அந்தக் கலைப்படைப்பும் தரிசாகிவிடும் அல்லவா? அந்தச் சிற்பத்துக்கு மெருகு போடுவது என்றால் நாற்று நடுவதுதான்.

பயணக்கணக்கர்

உயர்ந்த விஷயங்களுக்கு நடுவே தாழ்ந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வருகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்க் கலைப்பயணங்கள் கெடுவது பெரும்பாலும் கலையால் அல்ல, கால அட்டவணையால். மூடிய கதவையும் போய்விட்ட படகையும் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு வேண்டிய மட்டும் உண்டு.

பெருநகரத்தில் ஓர் அருங்காட்சியகம் மூடியிருந்தால் அடுத்த தெருவில் வேறொன்று இருக்கும். சிற்றூரில் அது மூடியிருந்தால் அன்றைய நாளே மூடியது. பல நாடுகளில் திங்கட்கிழமை விடுமுறை. தீவுகளில் கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் உண்மையான மூடும் நேரம். "அருகில்" என்று வழிகாட்டி நூல் சொல்லும் சொல்லையும் நம்ப வேண்டாம்: மார்ஃபாவின் பெயர் தாங்கிய புகழ்பெற்ற போலிக்கடைச் சிற்பம், 2005-இல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் செய்தது, உண்மையில் மார்ஃபாவில் இல்லை, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி வாலன்டைன் என்ற ஊரருகே நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்கிறது.

சில படைப்புகள் நேரத்தையே நிபந்தனையாக வைக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கலைஞர் வால்டர் டி மரியா 1977-இல் முடித்த 'மின்னல் வெளி' என்ற படைப்பில், ஒரு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பில் 400 எஃகுக் கம்பங்கள் நடப்பட்டிருக்கின்றன. நிலம் மேடு பள்ளமானது. ஆனால் கம்பங்களின் நுனிகள் அனைத்தும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நீளம் கணக்கிடப்பட்டது. எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வர வழியில்லை. கெமாடோ என்ற சிற்றூரில் உங்கள் காரை விட்டுவிட வேண்டும். அவர்கள் வண்டியில் அழைத்துப்போய் ஒரு மரக்குடிலில் இறக்கிவிடுவார்கள். அதிகபட்சம் ஆறு பேர். இரவு தங்கியே ஆக வேண்டும். மின்னலைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். உச்சி வெயிலில் கம்பங்கள் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரிவதில்லை, மாலையிலும் விடியலிலும் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. அதனால்தான் இரவு தங்கச் சொல்கிறார்கள்.

யூட்டா மாநிலத்தின் உப்பு ஏரியில் ராபர்ட் ஸ்மித்சன் 1970-இல் கறுப்புப் பாறைகளைக் கொட்டி அமைத்த 460 மீட்டர் நீளச் சுருள் பாதையின் கதை வேறு. சில ஆண்டுகளிலேயே ஏரி நீர் ஏறி அதை மூழ்கடித்தது; பல ஆண்டுகள் மறைந்திருந்து 2002 வாக்கில்தான் நிலையாக வெளியே வந்தது. இப்போது நீர் வெகுதூரம் பின்வாங்கிவிட்டதால் உப்பும் மணலும் சூழ நிற்கிறது. போவதற்கு முன் ஏரியின் நீர்மட்டத்தை விசாரிக்க வேண்டிய கலைப்படைப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கோட்டோவியன்

வெளிச்சத்தைப் பற்றிப் பயணக்கணக்கர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ருமேனியாவின் வொரோனெட்ஸ் மடாலயக் கோயில் 1488-இல் கட்டப்பட்டது. வெளிச்சுவர்களில் 1547-இல் ஓவியம் தீட்டினார்கள். அங்குள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம் மேற்குச் சுவர் முழுவதையும் நிறைத்திருக்கிறது. காலையில் போனால் அது நிழலில் கிடக்கும், பிற்பகலில் போங்கள். வடசுவரையும் விட்டுவிடாதீர்கள். காற்றும் மழையும் அடித்து அங்கே ஓவியத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மற்றச் சுவர்களில் இத்தனை நூற்றாண்டுகள் எது நிற்கிறது என்பதை அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தபின்தான் உணர முடியும்.

அரிச்சுவடி

எல்லோரும் படைப்பு அதன் இடத்திலேயே இருப்பதாக வைத்துப் பேசுகிறீர்கள். அதை அங்கே விட்டுவைக்கவே முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

பிரான்சின் மோந்தின்யாக் அருகே, வரலாற்றுக்கு முந்திய ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1940-இல் கண்டுபிடித்தார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போய்வந்ததில், அவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களுக்கு எமனாயிற்று; சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் மூடினார்கள். 1983-இல் அருகிலேயே ஒரு பகுதியின் நகலும், 2016-இல் முழுமையான நகலும் திறக்கப்பட்டன. இன்று அங்கே போகிற ஒவ்வொருவரும் நகலைத்தான் பார்க்கிறார்கள். அசல் இருட்டில் பத்திரமாக இருக்கிறது.

இத்தாலியின் மொன்தெர்க்கி இன்னொரு வகை. பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா 15-ஆம் நூற்றாண்டில் கருவுற்ற அன்னை மேரியை ஊர் எல்லையில் ஒரு சிறு தேவாலயத்தில் வரைந்தார். 1992-இல் செப்பனிடும் பணிக்காக ஊருக்குள் இருந்த பழைய பள்ளிக் கட்டடத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். திரும்பப் போகவே இல்லை. எங்கே இருப்பது முறை என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. பள்ளி அருங்காட்சியகமாகிவிட்டது, கருவுற்ற பெண்களுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. ஓவியம் இடம் மாறினாலும், யாருக்காக வரையப்பட்டதோ அவர்களோடு அதற்குள்ள உறவு அறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தன்னவாசலையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கூரையிலுள்ள தாமரைக் குளத்தில் மீனும் யானையும் பூப்பறிக்கும் துறவியரும் இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். வெளியே பாறையில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டின் முன் நிற்பவர்கள் குறைவு. சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் மண்டபத்தைப் புதுப்பித்துத் தந்ததை அது சொல்கிறது. தீட்டிய கையின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பழுது பார்த்தவரின் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. நெடுவழி அவர்களின் கேள்வி அப்படியொன்றும் புதியதல்ல.

மண்சுவர்

அரிச்சுவடி அவர்கள் பழுது பார்த்தவரைப் போற்றிவிட்டதால் ஒரு சிறு குறுக்கீடு: ஸ்பெயினின் போர்ஹா என்ற ஊரில் 2012-இல், உரிந்துகொண்டிருந்த இயேசு ஓவியம் ஒன்றை நல்லெண்ணத்தோடு திருத்தப் போய், உலகமே சிரிக்கும்படி ஆனது நினைவிருக்கும். பழைய ஓவியத்தைப் பார்க்க வராத கூட்டம் கெட்டுப்போன ஓவியத்தைப் பார்க்க வந்தது. பார்த்துக்கொள்வதிலும் எல்லை உண்டு என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அந்த ஊர் அதனால் பிழைத்தது என்பதையும் மறுக்க முடியவில்லை, எனவே என் வாதம் பாதியிலேயே நிற்கிறது.

புதுவரவு

வணக்கம். இவ்வளவு படித்தபின் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு இரண்டே நாள்கள்தாம் கிடைக்கும். நவோஷிமாவுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். அதே இரண்டு நாளில் பக்கத்துத் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளலாமா? புகைப்படம் எடுக்க விடுவார்களா? கடற்கரையிலுள்ள மஞ்சள் பூசணிக்காயை எப்படியும் எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் ஆணை.

தீவுவாசி

பூசணிக்காயைத் தாராளமாக எடுக்கலாம். கலைஞர் யயோய் குசாமா 1994-இல் வைத்தது. 2021 ஆகஸ்டில் புயலலை அடித்துப்போய், 2022 அக்டோபரில் புதிதாக வந்து அமர்ந்தது. சிச்சூவின் காட்சிக்கூடங்களில் கேமரா கூடாது. எடுக்க முடியாத இடத்தில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை, எந்தச் சுவரிலிருந்து வெளிச்சம் வந்தது என்று ஓர் அம்புக்குறி போட்டாலே பின்னாளில் எல்லாம் நினைவுக்கு வரும்.

தீவுகளைப் பெருக்காதீர்கள். கூடவே ஒன்று என்றால் தெஷிமா மட்டும் போதும். அங்கே 2010-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தூணே இல்லாத கான்கிரீட் ஓடு ஒன்றுதான் கட்டடம். கூரையில் இரண்டு திறப்புகள். உள்ளே படம் எதுவும் இல்லை. தரையிலிருந்து துளித்துளியாக நீர் ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். காலணியைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். அதற்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

நெடுவழி

புதுவரவு அவர்களுக்கு என் யோசனையும் ஒன்று. முதல் நாள் பார்த்த ஒரு வீட்டை மறுநாள் வேறு நேரத்தில் மறுபடி பாருங்கள். இரண்டு நாளில் பத்துப் படைப்பு பார்ப்பதைவிட, ஒரு படைப்பை இரண்டு வெளிச்சத்தில் பார்ப்பது மேல். வீடுகளில் சீட்டு வாங்கும் இடத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். தீவுக்காரராக இருந்தால், அந்த 125 எண்களில் ஒன்று அவருக்குத் தெரிந்தவருடையதாக இருக்கலாம்.

ஆமாம், எந்தக் கிழமை போகிறீர்கள்?

புதுவரவு

திங்களும் செவ்வாயும். பயணக்கணக்கர் எழுதியதை இப்போதுதான் மறுபடி படித்தேன். சீட்டை ஒரு நாள் தள்ளி மாற்றிவிட்டு வருகிறேன்.